சாம்பல் மை

பிரிண்டரிலிருந்து தாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஜெபராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அதன் மேலேயே கண்ணாக இருந்தான். முதலில் தலைமுடி வந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் இரண்டு கண்கள். படம் கறுப்பு வெள்ளை. ஆனால் அந்தப் பிரிண்டரில் சாம்பல் நிறத்துக்கென்று தனி மை கிடையாது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் கறுப்போடு கலந்து அதுவே ஒரு சாம்பலை ஒப்பேற்றிக்கொள்ளும். மை சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாட்டிலில் வருவது. சிரிஞ்சால் ஏற்றி ஜெபராஜே ரீஃபில் செய்வான். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வெயிலுக்குக் கொண்டுபோனால் முகம் பச்சையடிக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோ வாசலுக்குப் போனான். ஆம்பூர் பஜாரில் வெயில் சுள்ளென்று இறங்கியிருந்தது. படத்தை அதில் நீட்டிப் பார்த்தான். பச்சையடித்தது, நன்றாகவே பச்சையடித்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும் உள்ளே போய் சிவப்பைக் கூட்டி இன்னொன்று போட்டிருப்பான். இதை அப்படியே ஒரு கவரில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

படத்தில் இருந்தவன் தயாளன், மெர்சியின் முதல் புருஷன். மெர்சி இப்போது ஜெபராஜின் மனைவி. தயாளன் பேரணாம்பட்டு ரோட்டில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஊர்க்காரர்கள் அதைத் தோல் ஷாப்பு என்பார்கள். அங்கே ஈரத்தரையில் வழுக்கிச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்துப்போனான். அப்போது அவன் மகள் ரெனிட்டாவுக்கு எட்டு வயசு. அடுத்த வருஷம் மெர்சியைக் கட்டிக்கொண்ட ஜெபராஜுக்கு அந்தப் பெண்ணும் சேர்ந்தே வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டது ஜெபராஜ். டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது ஜெபராஜ். நர்சிங் படிக்க வைத்ததும் ஜெபராஜ்தான். அவள் அவனை அழைப்பது என்னவோ இன்றுவரை சித்தப்பா. அப்பா என்ற சொல் செத்தவனுக்கென்று ஒதுக்கி வைத்ததாகவே இருந்தது.

இப்போது அவளுக்குக் கல்யாணம். நாள் குறித்தாகிவிட்டது. பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டியவர் அப்பா. அப்பா இல்லாத இடத்தில் யார் என்பதுதான் வீட்டில் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு. தயாளனின் அண்ணன் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கிறார். எங்க வம்சத்துப் பொண்ணு, நான்தான் கூட்டிட்டுப் போவேன் என்று அவர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோட்டுக்குத் துணிகூட எடுத்துவிட்டாராம். ரெனிட்டா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜெபராஜ் தானாக வாய் திறந்து கேட்கிற ஆளில்லை. கேட்காமலே அவள் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான். அவள் சொன்னதோ வேறு ஒன்று.

"சித்தப்பா, ஹால்ல அப்பா ஃபோட்டோ ஒண்ணு பெருசா வைக்கணும். நீங்கதானே பிரிண்ட் போடுறீங்க, நல்லா போட்டுக் குடுங்க."

கல்யாண ஆல்பம் எப்போதோ மழைத்தண்ணீரில் ஊறிப் போய்விட்டது. கையில் இருந்தது கம்பெனி அடையாள அட்டையிலிருந்து கிழித்த ஸ்டாம்பு சைஸ் படம் ஒன்று மட்டும்தான். ஜோலார்பேட்டையிலும் தேடிப் பார்த்துவிட்டார்கள். அதைத்தான் ஜெபராஜ் ஸ்கேன் செய்து பச்சை முகமாகப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். ரெனிட்டா வாங்கினவுடனே வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. காமாலை வந்த பேஷண்ட் மாதிரி இருக்காரு என்றாள்.

மறுநாள் கறுப்பு மை மட்டும் வைத்து ஒன்று போட்டான். கலர் மையை நிறுத்திவிட்டால் பச்சையடிக்காது. ஆனால் வெளிச்சமான இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும், இருட்டான இடமெல்லாம் ஒரே அடைப்பாகப் போய்விடும். கன்னத்தில் அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் தயாளன் வந்தான். மீசையும் உதடும் ஒன்றாகிப்போயின. மெர்சி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அவரு இப்படியா இருப்பாரு என்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அவரைப் பார்க்கவென்றே தெருப் பெண்கள் குழாயடிக்கு வருவார்கள் என்று மகளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஜெபராஜ் படத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கவருக்குள் திணித்தான். உயிரோடு இருக்கிறவனோடு மல்லுக்கட்டலாம். செத்தவனுக்கு நரைக்காது, தொப்பை போடாது, வேலை போகாது. சண்டையில் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவும் மாட்டான். ஜெபராஜுக்கு முன்மண்டை வழுக்கை. தயாளனுக்கோ என்றைக்கும் முப்பத்திரண்டு வயசு.

ஜெபராஜுக்கென்று ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. தயாளன் தன் திமிரால் செத்தான் என்பதுதான் அது. ரப்பர் பூட்ஸ் எல்லாருக்கும் கொடுத்திருந்தோம், மற்றவர்களெல்லாம் போட்டிருந்தார்கள், இவர் ஒருத்தர்தான் போடாமல் வெறுங்காலோடு நடந்தார் என்று கம்பெனி சொன்னது. ஏதோ கொஞ்சம் கொடுத்து மெர்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மெர்சி அதை நம்பினாள். நம்பி, செத்தவன் மேலேயே கோபப்பட்டாள். பூட்ஸ் போட்டா அழகு கெட்டுப்போயிடும்னு நெனச்சாரோ என்னமோ, என்னையும் எட்டு வயசுப் புள்ளையா இருந்த இவளையும் நெனச்சுப் பாக்கல என்பாள். அந்தக் கோபம் இருந்ததால்தான் வருஷம் திரும்புவதற்குள் அவளால் இன்னொரு கல்யாணத்துக்குத் தலையாட்ட முடிந்தது. இது ஜெபராஜுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோபம் ஆறும்போதெல்லாம் அவன்தான் ஒரு கை விசிறிவிடுவான். குடுத்த பூட்ஸைப் போடத் துப்பில்லாதவன் என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பான்.

அந்த வாரம் ஸ்டுடியோவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. முதலாளி இஷ்தியாக் அகமது குஷியாகிவிட்டார். தயாளன் வேலை பார்த்த அதே கம்பெனிதான். புதிதாக ஆபீஸ் கட்டியிருக்கிறார்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பழைய ஃபோட்டோக்களைப் பெரிதாக்கி மாட்ட வேண்டுமாம், எல்லாமே கறுப்பு வெள்ளையில். பெங்களூரிலிருந்து வந்த டிசைன்காரன் அப்படிச் சொல்லிவிட்டானாம். இஷ்தியாக் பாய் இதற்காகவே பெரிய பிரிண்டர் ஒன்றைப் பழசாக வாங்கிப் போட்டார். அதற்குத் தனி மை: கறுப்பு ஒன்று, அடர்ந்த சாம்பல் ஒன்று, வெளிறிய சாம்பல் ஒன்று. கலரைக் கலந்து ஏமாற்றுகிற வேலையே இல்லை. சாம்பலுக்குச் சாம்பல் மையே போய் உட்காரும். வெயிலில் பார்த்தாலும் டியூப் லைட்டில் பார்த்தாலும் படம் ஒன்றுபோல இருக்கும்.

"இது பெரிய வீட்டு மைப்பா. பாஸ்போர்ட் ஃபோட்டோக்கு, காரிய ஃபோட்டோக்கு எல்லாம் இதத் தொடாத. வெல ஜாஸ்தி" என்றார் பாய்.

சோதனைப் பிரிண்டுக்குக்கூட முதலில் வெறும் கறுப்பு போதும், கம்பெனிக்காரர்கள் பார்த்து ஓகே சொன்ன பிறகு சாம்பல் மையைத் திறக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம்.

கம்பெனி மேனேஜர் கொடுத்துவிட்டுப் போன ஃபோட்டோக்களில் பாதிக்கு மேல் கலர்ப் படங்கள். பழசாகிச் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தன. ஜெபராஜ் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து நிறத்தை எடுத்துக்கொண்டே வந்தான். குத்துவிளக்கு ஏற்றுகிற மந்திரி, ரிப்பன் வெட்டுகிற கலெக்டர், முதலாளியின் அப்பா, முதலாளியின் தாத்தா. அடுத்தது அகலமான படம். ஷாப்புக்குள் தோலைப் போட்டுச் சுழற்றும், ஆள் உயரத்துக்கு மேலான மர டிரம்களின் முன்னால் முதலாளியும் மூன்று வெள்ளைக்காரர்களும் நிற்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கழுத்தில் மாலை. பின்னால் டிரம் நிழலில் தொழிலாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் முன்வரிசையோடு தீர்ந்துபோயிருந்தது. ஆனால் ஓரமாக நின்ற ஒருத்தன் மட்டும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, மேலே கூரைக்கண்ணாடியிலிருந்து இறங்கிய வெளிச்சத்துக்குள் முகத்தை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அது தயாளன்தான். மெர்சி சொல்லிக் கேட்டிருக்கிறான். ஜெர்மனிக்காரங்ககூட நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்தாங்க என்று தயாளன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டானாம். அந்த வாரம்தான் செத்தான்.

ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தான். அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருந்த தயாளன் இல்லை இவன். சுருட்டை முடி, பல்வரிசை, கன்னத்தில் குழி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. குழாயடிக்குப் பெண்கள் வந்திருப்பார்கள்தான். இந்தப் படத்தை ரெனிட்டா பார்த்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவாள், மெர்சி பார்த்தால் என்ன செய்வாள் என்று நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டான். கம்பெனிச் சொத்து, கம்பெனிக்கே போகட்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான்.

பாய் சொன்னபடியே கறுப்பு மையில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்தான். முன்னால் நின்றவர்கள் பளிச்சென்று வந்தார்கள். பின்னால் டிரம்மும் ஆட்களும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டன. தயாளனின் முகத்தில் பாதி போய், பல் மட்டும் தெரிந்தது. ஜெபராஜ் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. டீ குடிக்கப் போகும்போது வாயில் ஒரு பாட்டுகூட வந்தது.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையும் பளபளக்கிற பெல்ட்டுமாக வந்து நின்றவர், தாளை மேலும் கீழும் திருப்பினார். பின்னால் இருக்கிற டிரம் எல்லாம் அந்த வருஷம் புதிதாக இறக்கியது, அது தெரியாவிட்டால் இந்தப் படத்தை எதற்கு மாட்ட வேண்டும் என்றார். டிரம் தெரிய வேண்டும், அதில் அடித்திருக்கும் இரும்புப் பட்டை தெரிய வேண்டும். பாய் உடனே அதற்கென்ன சார் என்று ஜெபராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

பெரிய பிரிண்டரில் சாம்பல் மையை ஏற்றினான் ஜெபராஜ். அது மெதுவாக அடிக்கிற மெஷின். தாள் விரல்கடை விரல்கடையாக நகர்ந்தது. முதலில் கூரை வந்தது, கூரைக்கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் வந்தது. பிறகு டிரம்மின் வளைவு, இரும்புப் பட்டை, பட்டையில் அறைந்த ஆணிகள். முகங்கள் வந்தன. இருட்டில் இத்தனை பேர் நின்றிருந்ததே இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கண், ஒரு மூக்கு, ஒரு கழுத்து எலும்பு என்று தனித்தனியாக வந்து நின்றார்கள். தயாளன் சிரித்தான். அவன் சட்டையின் நூல்கூடத் தெரிந்தது. ஜெபராஜ் வேறு பக்கம் பார்க்க முயன்றான், முடியவில்லை. வெளிறிய சாம்பல் தயாளன் கன்னத்தில் இறங்கியிருந்த விதத்தைப் பார்த்தால் தொட்டால் சுடும் போலிருந்தது.

தாள் இன்னும் நகர்ந்தது. மடித்துக் கட்டிய லுங்கிகள் வந்தன, முழங்கால்கள் வந்தன. பிறகு தரை வந்தது. ஈரத்தரை, அங்கங்கே தோலின் கொழுப்பும் சதையும் ஒட்டிக்கிடந்தன. அதன்மேல் கால்கள்.

ஜெபராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். தயாளனின் கால்கள் வெறுங்கால்கள். அதை அவன் எதிர்பார்த்திருந்தான். பக்கத்தில் நின்றவனும் வெறுங்கால். அதற்கடுத்தவனும் வெறுங்கால். வரிசை முடிகிற வரைக்கும் ஒருத்தன் காலிலும் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு தின்று விரலிடுக்கெல்லாம் வெளுத்துப்போன கால்கள். வயசான ஒருத்தன் ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு நின்றான். ரப்பர் பூட்ஸ் இருக்கத்தான் இருந்தது, முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக, புத்தம் புதிதாக. அது முதலாளி காலிலும் மூன்று வெள்ளைக்காரர்கள் காலிலும் இருந்தது.

பிரிண்டர் தாளைத் துப்பிவிட்டு நின்றது. ஜெபராஜ் அதை எடுக்கவில்லை. துப்பில்லாதவன் என்று தான் சொன்ன சொல் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை ரெனிட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதெல்லாம் இப்போது எதற்கு வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல் இன்னொன்றில். தயாளனிடம் குறை சொல்ல மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது.

மேனேஜர் மறுநாளே வந்தார். டிரம்மைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியவர், பார்வை கீழே இறங்கியதும் நிறுத்திக்கொண்டார்.

"இது இன்னா, காலெல்லாம் தெரியுது?"

"சாம்பல் மை போட்டா நெழல்ல இருக்கிறது எல்லாம் தெரியும் சார். நீங்கதான் டிரம் தெரியணும்னு சொன்னீங்க."

"வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வர்றாம்பா. ரிசப்ஷன்ல குந்திக்கினு இதத்தான் பாப்பான். கையுறை குடுத்தியா, பூட்ஸ் குடுத்தியான்னு ஆயிரம் கேப்பான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல்ல போட்ட மையிலயே போட்டுடு. டிரம் தெரியலன்னா போவுது."

சாம்பல் மையில் போட்ட தாளை அவரே எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் போனதும் ஜெபராஜ், அந்த வரிசையில் ஓரத்தில் நிற்பவன்தான் ரெனிட்டாவின் அப்பன் என்று பாயிடம் சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மானிட்டரில் குனிந்து பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணு கேட்டான்னு சொன்ன இல்ல? அந்த மையிலயே போட்டுக் குடு. முழுசாப் போடுறியோ பாதியாப் போடுறியோ உன் இஷ்டம். நான் பாக்கல" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிப்போனார்.

கடையில் ஜெபராஜ் மட்டும் இருந்தான். படத்தைத் திரையில் கொண்டுவந்து தயாளனைச் சுற்றி ஒரு கட்டம் போட்டான். மவுஸைக் கீழே இழுத்தான். கட்டம் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது, பாதத்துக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் நின்றவர்களின் கால்களும் கட்டத்துக்குள் வந்தன. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மெர்சி பார்ப்பாள். ஷூ தைக்கிறவள், எதைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வாள். பன்னிரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த மனுஷனை நினைத்து உட்கார்ந்து அழுவாள். அப்புறம் அந்த வீட்டில் யார் பெயர் சொன்னாலும் தயாளன் பெயர்தான் ஒலிக்கும். அழகனாக இருந்தது போதாதென்று குற்றமில்லாதவனாகவும் ஆகிவிடுவான். அதற்கப்புறம் ஜெபராஜ் எந்த மூலையில் நிற்பது?

கம்பெனியை யார் என்ன செய்துவிட முடியும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, கல்யாண வீட்டில் எதற்கு ஒப்பாரி என்றெல்லாம் அவன் யோசித்தான். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக அவன் மவுஸை மேலே தள்ளவில்லை. எரிச்சலில்தான் தள்ளினான். கட்டம் முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, மார்பில் வந்து நின்றது. சட்டையின் மூன்றாவது பொத்தானுக்குக் கீழே வெட்டினான். மையில் மட்டும் குறை வைக்கவில்லை. இருப்பதிலேயே நல்ல தாளை எடுத்து, இரண்டு சாம்பலையும் தாராளமாக விட்டு அடித்தான். வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தான். பச்சையும் இல்லை, புள்ளியும் இல்லை.

வீட்டில் ரெனிட்டா கவரைப் பிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா சிரித்தால் எப்படி இருப்பார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. விரலை முகத்தின் மேல் வைக்கப் போய், மை கலைந்துவிடுமோ என்று இழுத்துக்கொண்டாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். கம்பெனியின் பழைய குரூப் ஃபோட்டோ என்றான் ஜெபராஜ். அதில் மார்பு வரைக்கும்தான் நல்லா இருந்துது, கீழே எல்லாம் கறுத்துப்போயிருந்துது என்றும் சேர்த்துச் சொன்னான்.

மெர்சி வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் இளகியதையும், பிறகு வழக்கமான இடத்துக்கே திரும்பி இறுகியதையும் ஜெபராஜ் பக்கத்திலிருந்து கவனித்தான்.

"சிரிப்பப் பாரு. இதுல பாதி புத்தி இருந்திருந்தா பூட்ஸ எடுத்து மாட்டியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

தொழிலாளி ஒருத்தன் காலிலும் பூட்ஸ் இல்லை என்பதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஜெபராஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கை கழுவப் பின்பக்கம் போனான். ரெனிட்டா பின்னாலேயே வந்தாள்.

"சித்தப்பா. பெரியப்பாகிட்ட நான் பேசிட்டேன். என்னை நீங்கதான் கூட்டிட்டுப் போவணும்."

அவன் குழாயை நிறுத்தாமல் நின்றான். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. சரிம்மா என்றான்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. ஆர்மோனியம் எடுத்ததும் எல்லாரும் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். ஜெபராஜ் கோட்டுப் போட்டுக்கொண்டு, ரெனிட்டாவின் கை தன் கைக்குள் இருக்க, ஒவ்வொரு அடியாக நடந்தான். ஜோலார்பேட்டைக்காரர் மூன்றாவது பெஞ்சில் புதுக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது ஜெபராஜுக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. வாழ்க்கையில் அவன் அப்படி நடந்ததில்லை.

பக்கத்து ஹாலில் வரவேற்பு. மேடைக்கு ஓரமாக ஒரு நாற்காலியில் தயாளன் படத்தை வைத்துச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மணமக்களைப் பார்த்த கையோடு அதையும் பார்த்தார்கள். பொண்ணு அப்பா ஜாடை, இன்னா அழகு மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். ஜெபராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். காலையில் கோயிலில் கிடைத்தது சாயங்காலத்துக்குள் கரைந்துகொண்டிருந்தது. இன்றைக்குக்கூட அவனைப் பார்க்க யாருமில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, சோளிங்கரிலிருந்து வந்தவள், படத்தின் முன்னால் நின்று சம்பந்தியம்மா என்று மெர்சியைக் கூப்பிட்டாள். சின்ன வயசா இருக்காரே, எப்படிப் போனாரு என்று கேட்டாள்.

"ஷாப்புல வழுக்கி விழுந்துட்டாரு. கம்பெனியில எல்லாருக்கும் பூட்ஸ் குடுத்தாங்க. இவருதான் போடல" என்றாள் மெர்சி. மனப்பாடமாக இருந்தது அவளுக்கு.

"அடப் பாவமே. ஒரு பூட்ஸ் போட்டிருந்தா இன்னிக்கு இங்க நின்னுருப்பாரு."

ஜெபராஜ் நாற்காலியில் கொஞ்சம் சரிந்திருந்த படத்தை நேராக்குகிறவன்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. அத்தைதான் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, முதல்ல அப்பாகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்குங்க என்றாள். ரெனிட்டா படத்தின் முன்னால் குனிந்தாள். பட்டுப்புடவை மடிப்பு தரையில் பரவியது. கையை நீட்டியவளுக்கு எங்கே தொடுவது என்று தெரியவில்லை. சட்டைப் பொத்தானோடு படம் முடிந்திருந்தது. சட்டத்தின் அடிக்கட்டையை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு ஜெபராஜ் பக்கம் திரும்பினாள். அவன் வேண்டாம்மா என்று பின்வாங்கினான். பின்னால் சுவர் இருந்தது. மெர்சி தன் கம்பெனியில் சொல்லிவைத்து வாங்கிவந்த புது ஷூ அவன் காலில், கறுப்புத் தோல், ஹால் விளக்கெல்லாம் அதில் தெரிந்தது. ரெனிட்டா குனிந்து அதைத் தொட்டாள். தொட்டுவிட்டு நிமிரும்போது, அப்பா என்றாள்.